சிக்னல் வரவில்லையா? பாதி வழியில் திறந்து பார்!



ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று பேரவையில் கேட்டபோது, "எனக்கு என்ன எழுதத் தெரியும்?" என்றுதான் முதலில் சொன்னேன். நட்பைப் பற்றியும் தன்னம்பிக்கையைப் பற்றியும் எழுத நம் கல்லூரியில் நல்ல கவிஞர்கள் இருக்கிறார்கள். எனக்கு உருப்படியாகத் தெரிந்தது ஒன்றே ஒன்று. பதினோரு நாள் வாயே திறக்காத ஒரு ரேடியோ ரிசீவர்! அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். மெக்கானிக்கல், சிவில் நண்பர்கள் "இது எலக்ட்ரானிக்ஸ்காரன் சமாச்சாரம்" என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். கடைசியில் வரும் சங்கதி எல்லோருக்கும் பொதுவானது.

எங்கள் பிராஜெக்ட் லேப்பில் இந்த வருஷம் அதிகம் கேட்ட வாக்கியம் எது தெரியுமா? "சார், சிக்னல் வரலை சார்!" இதைச் சொல்லிவிட்டால் நம் கடமை முடிந்தது என்று நினைக்கிறோம். சொன்ன மறுநாள் புது மாட்யூல் வாங்குகிறோம். அதுவும் வேலை செய்யவில்லை என்றால் ரெடிமேடாக ஒரு பிராஜெக்டையே வாங்கிவிடுகிறோம். இது தவறு என்பதுதான் என் கருத்து. "சிக்னல் வரலை" என்பது முடிவு இல்லை, ஒரு கேள்வியின் ஆரம்பம். அந்தக் கேள்விக்குப் பதில் தேடுவதுதான் நாம் படிக்க வந்த படிப்பு. மற்றதெல்லாம் கடையில் கிடைக்கும்.

தொட்டி நிரம்பியதா, இல்லையா?

முதலில் எங்கள் பிராஜெக்ட் என்னவென்று சொல்லிவிடுகிறேன். என் அப்பா விளாங்குடியில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் வாட்ச்மேன். கேட்டைத் திறந்து மூடுவதோடு, விடியற்காலை மோட்டார் போட்டு மேல்தொட்டியை நிரப்புவதும் அவர் வேலைதான். நிரம்பிவிட்டதா என்று பார்க்க நாலு மாடி ஏறணும். அவருக்கு முழங்கால் வலி உண்டு. ஏறாமல் விட்டால் தண்ணீர் வழியும்; வழிந்தால் பேச்சு வாங்கணும். மேலிருந்து கீழே வயர் இழுக்கலாம் என்றால், சுவரில் ஓட்டை போடக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான்தான் முதல் ஆள். "எலக்ட்ரானிக்ஸ் படிக்கிறியே, இதுக்கு ஒண்ணு செய்ய முடியாதா?" என்று அப்பா ஒரு தடவை கேட்டார். ஒரே ஒரு தடவைதான் கேட்டார். அதையே பிராஜெக்டாக எடுக்கலாம் என்று என் பேட்ச்சில் இருந்த மூணு பேரும் ஒத்துக்கொண்டார்கள்.

தொட்டியில் ஒரு ஃப்ளோட் ஸ்விட்ச். அதோடு ஒரு சின்ன கன்ட்ரோலர் போர்டு, ஒரு 433 மெகாஹெர்ட்ஸ் டிரான்ஸ்மிட்டர். கீழே அப்பா உட்காரும் அறையில் ரிசீவர், ஒரு ஆர்டுயினோ போர்டு, ஒரு பஸர். தொட்டி நிரம்பினால் கீழே பஸர் கத்தணும். அவ்வளவுதான். டவுன்ஹால் ரோட்டில் டிரான்ஸ்மிட்டரும் ரிசீவரும் ஜோடியாக நூறு ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே கிடைத்தது. ஒரே சாயங்காலத்தில் பிரெட்போர்டில் மாட்டிவிட்டோம்.

பஸர் கத்தவில்லை. கம்ப்யூட்டர் திரையில் ஒரு எழுத்துகூட வரவில்லை.

பதினோரு நாள்! புரோகிராமை மாற்றினோம். போர்டை மாற்றினோம். இரண்டாவது ஜோடி மாட்யூல் வாங்கினோம். இரண்டு ஜோடிக்கும் சேர்த்துக் கொடுத்த காசு அப்பாவின் ஒரு நாள் சம்பளத்தில் பாதிக்கு மேல். கடைசியில், "ஆளுக்கு ஆயிரம் போடுவோம்டா, நாலாயிரத்துக்கு ரெடிமேடா ஒண்ணு கிடைக்குதாம், ரெக்கார்டும் சேர்த்தே குடுத்துடுவாய்ங்களாம்" என்று ஒரு நண்பன் சொன்னான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். அன்றைக்கு எனக்கும் அதுதான் சரி என்று பட்டது.

அப்பா சொன்ன வழி

ஆயிரம் ரூபாய் கேட்கத்தான் அப்பாவிடம் போனேன். எதற்கு என்று கேட்டார். "சிக்னல் வரலப்பா" என்றேன். அவருக்கு சிக்னலும் தெரியாது, கன்ட்ரோலரும் தெரியாது. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "மோட்டார் ஓடுது, மேல தண்ணி வரலைன்னா நான் என்ன பண்ணுவேன் தெரியுமா?" என்று கேட்டார். "மெக்கானிக்கைக் கூப்பிடுவீங்க" என்றேன். சிரித்தார்.

"அதுக்கு முன்னாடி மோட்டார் தலையில இருக்கிற ஏர் ஸ்க்ரூவைத் திருகிப் பார்ப்பேன். தண்ணி பீச்சினா சம்ப்புல இருந்து மோட்டார் வரைக்கும் சரி, கோளாறு மேல இருக்கு. வெறும் காத்து வந்தா கோளாறு கீழ இருக்கு, ஃபுட்வால்வைப் பார்க்கணும். பாதி வழியில திறந்து பார்த்தா பாதி வேலை முடிஞ்சுதுப்பா. உன் மிஷினுக்கு ஏர் ஸ்க்ரூ எங்க இருக்கு?"

நண்பர்களே, நான் அப்படியே நின்றுவிட்டேன். பதினோரு நாளில் நாங்கள் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை! இந்த முறைக்கு ஆங்கிலப் புத்தகங்களில் "ஹாஃப் ஸ்ப்ளிட் மெத்தட்" என்று பெயர். எட்டு கட்டங்கள் உள்ள ஒரு சர்க்யூட்டில் ஒரு கட்டம் கெட்டிருந்தால், வரிசையாகப் பார்த்தால் ஏழு தடவைகூடப் பார்க்க வேண்டி வரலாம். நடுவில் பார்த்து, பிறகு மீதியின் நடுவில் பார்த்தால் மூன்றே தடவையில் கண்டுபிடித்துவிடலாம். பள்ளிக்கூடம் ஆறாவதோடு நின்றுபோன என் அப்பாவுக்கு அந்தப் பெயர் தெரியாது. வேலை தெரியும். எனக்குப் பெயரும் தெரியவில்லை, வேலையும் தெரியவில்லை.

ரிசீவரின் ஏர் ஸ்க்ரூ

ரிசீவர் மாட்யூலில் நாலு பின் இருக்கும். ஓரங்களில் சப்ளையும் கிரவுண்டும். நடுவில் இரண்டு டேட்டா பின். இரண்டும் உள்ளே ஒன்றுதான். வானொலியின் வேலை அந்த டேட்டா பின்னில் முடிகிறது, கன்ட்ரோலரின் வேலை அங்கிருந்து ஆரம்பிக்கிறது. அதுதான் எங்கள் ஏர் ஸ்க்ரூ!

ஆசிலோஸ்கோப் இல்லாமல் அங்கே எப்படிப் பார்ப்பது? ஒரு பழைய இயர்போனை எடுத்து, 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக டேட்டா பின்னுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே மாட்டினேன். ரெசிஸ்டர் இல்லாமல் மாட்டாதீர்கள்.

இங்கே ஒரு முக்கியமான விஷயம். இந்த மலிவு ரிசீவர் சும்மா இருக்கும்போது அமைதியாக இருக்காது. இது "சூப்பர் ரீஜெனரேட்டிவ்" வகை. அமெரிக்காவின் எட்வின் ஆம்ஸ்ட்ராங் 1922-ல் கொண்டுவந்த சர்க்யூட் முறை. சிக்னல் இல்லாதபோது காற்றில் இருக்கிற இரைச்சலையும், தனக்குள்ளே இருக்கிற இரைச்சலையும் பெரிதாக்கி டேட்டா பின்னில் கொட்டிக்கொண்டே இருக்கும். அதாவது உயிரோடு இருக்கிற ரிசீவர் "உஸ்ஸ்" என்று சத்தம் போடும். சத்தமே இல்லை என்றால்தான் ஆபத்து.

எங்கள் ரிசீவரில் சத்தமே இல்லை. அப்பா பாஷையில் சொன்னால் வெறும் காத்து. கோளாறு கீழே!

மல்டிமீட்டரை ஆர்டுயினோவின் சப்ளை பின்னில் வைத்தால் 5 வோல்ட். இதை ஏற்கெனவே பத்து தடவை பார்த்திருக்கிறோம். ஆனால் ரிசீவரின் காலிலேயே வைத்துப் பார்த்தால் பூஜ்யம்! சில பெரிய பிரெட்போர்டுகளில் ஓரத்துச் சப்ளை வரிசை நடுவில் விட்டுப் போயிருக்கும். நாங்கள் ஒரு பாதியில் கரண்ட் கொடுத்து, இன்னொரு பாதியில் ரிசீவரைக் குத்தி வைத்திருந்தோம். இரண்டு ஜோடி மாட்யூலையும் அதே ஓட்டையில்தான் குத்தியிருந்தோம். ஒரு சின்ன வயர்த்துண்டு போட்டதும் காதில் "உஸ்ஸ்ஸ்" என்று கேட்டது. எனக்கு அது நாதஸ்வரம்!

டிரான்ஸ்மிட்டரை ஓட்டினோம். "உஸ்ஸ்" மறைந்து "டர்ர், டர்ர்" என்று வெட்டி வெட்டிக் கேட்டது. சிக்னல் வந்துவிட்டது. ஆனாலும் திரையில் ஒன்றும் இல்லை!

முன்பாக இருந்தால் மறுபடியும் எல்லாவற்றையும் பிடுங்கியிருப்போம். இப்போது பயமில்லை. ஏர் ஸ்க்ரூவில் தண்ணி பீச்சுகிறது. ஆகவே கோளாறு மேலே, கன்ட்ரோலர் பக்கம். அரை மணி நேரத்தில் கிடைத்துவிட்டது. நாங்கள் இரண்டு பேர் இரண்டு இடத்தில் பார்த்து வேலை செய்திருந்தோம். வயர் மாட்டியவன் ஒரு லைப்ரரியைப் பார்த்து 11-ம் பின்னில் மாட்டியிருந்தான். புரோகிராம் எழுதிய நான் வேறொரு லைப்ரரியில் "0" என்று கொடுத்திருந்தேன். அந்த 0 பின் நம்பர் இல்லை, இன்டரப்ட் நம்பர். எங்களிடம் இருந்த ஆர்டுயினோ ஊனோ போர்டில் 0-ம் இன்டரப்ட் இருப்பது 2-ம் பின்னில். வயரை 11-லிருந்து 2-க்கு மாற்றினேன். திரையில் எண்கள் கொட்ட ஆரம்பித்தன.

ஒரே நேரத்தில் இரண்டு கோளாறு. அதனால்தான் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாக மாற்றியபோது ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றைத் தற்செயலாகச் சரிசெய்திருந்தாலும், இன்னொன்று அதை மறைத்திருக்கும்.

பிறகு மாடியில் வைத்தால் மறுபடியும் அமைதி. இந்த முறை ஆன்டெனா. வாங்கிய மாட்யூலில் ஆன்டெனா இல்லை. ஒரு ஓட்டை மட்டும் இருக்கும். கணக்கு சுலபம்: 300-ஐ 433.92-ஆல் வகுத்தால் அலைநீளம் சுமார் 69 சென்டிமீட்டர். அதில் நாலில் ஒரு பங்கு 17.3 சென்டிமீட்டர். அந்த நீளத்துக்கு ஒரு ஒற்றைக் கம்பி வயரை இரண்டு பக்கமும் சால்டர் செய்தோம். நாலு மாடி கான்கிரீட்டைத் தாண்டி பஸர் கத்தியது!

பெரியவர்களுக்கும் இதே கதைதான்

இது நம் மாதிரி பசங்களுக்கு மட்டும் வருகிற பிரச்சினை என்று நினைக்காதீர்கள். 1901 டிசம்பரில் மார்க்கோனி நியூஃபவுண்ட்லாந்தில் பட்டத்தில் ஆன்டெனா கட்டி, அட்லான்டிக் கடலுக்கு அப்பாலிருந்து வரும் மூன்று புள்ளி சிக்னலுக்காகக் காத்திருந்தார். தானாகக் காகிதத்தில் பதிவு செய்யும் கருவியை நம்பாமல், காதில் இயர்போனை வைத்துத்தான் கேட்டார். அவர் பயன்படுத்திய பாதரச டிடெக்டர், நம் ஜகதீஷ் சந்திர போஸ் 1899-ல் ராயல் சொசைட்டிக்கு அனுப்பிய கட்டுரையில் சொன்ன வகை. அன்று மார்க்கோனி கேட்டது சிக்னலா, வெறும் இரைச்சலா என்று சந்தேகப்படுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்!

2023 ஜூலையில் வாயேஜர் 2 விண்கலத்தின் சிக்னல் பூமிக்கு வருவது நின்றது. 1977-ல் ஏவியது, சுமார் 1,990 கோடி கிலோமீட்டர் தூரத்தில் இருந்தது. கிழடாகிச் செத்துப்போச்சு என்று கைவிட்டார்களா? இல்லை. அனுப்பிய ஒரு தவறான கட்டளையால் அதன் ஆன்டெனா பூமியை விட்டு 2 டிகிரி திரும்பிவிட்டது என்று கண்டுபிடித்தார்கள். ஆஸ்திரேலியாவின் கான்பெராவிலிருந்து பலமாக ஒரு கட்டளை அனுப்பி, ஆகஸ்ட் 4-ம் தேதி தொடர்பை மீட்டார்கள். அதே வருஷம் நவம்பரில் வாயேஜர் 1 நேர்மாறாகச் செய்தது. சிக்னல் வந்தது, ஆனால் அர்த்தமே இல்லாத டேட்டா. உள்ளே ஒரு மெமரி சிப் கெட்டிருக்கிறது என்று கண்டுபிடித்து, புரோகிராமை வேறு இடத்துக்கு மாற்றி, 2024 ஏப்ரலில் புரியும்படி பேச வைத்தார்கள். ஒன்றுக்கு ஆன்டெனா, இன்னொன்றுக்கு உள்ளே இருக்கிற கன்ட்ரோலர் பக்கம். எங்கள் பிரெட்போர்டில் பார்த்த அதே இரண்டு பாதி! அவர்களால் கடைக்குப் போய்ப் புது மாட்யூல் வாங்க முடியாது. அதனால் யோசித்தார்கள்.

அவ்வளவு தூரம் எதற்கு? எங்கள் தெரு டீக்கடையில் கொடைக்கானல் பண்பலை 100.5 இழுக்கவில்லை என்றால் கடைக்காரர் என்ன செய்கிறார்? வேறு ஸ்டேஷன் வருதா என்று பார்க்கிறார். வந்தால் ரேடியோ நல்லாயிருக்கு என்று ஆன்டெனாவைத் திருப்புகிறார். எதுவும் வராவிட்டால் பேட்டரியைப் பார்க்கிறார். ரேடியோவைத் தூக்கி யாரும் வைகையில் போடுவதில்லை. டிப்ளமோ படிக்கிற நாம்தான் போடுகிறோம்.

அமைதி என்றால் எல்லாம் சரியா?

இன்னொரு பாடமும் உண்டு. பிராஜெக்டை மாட்டி ஒரு வாரம் நன்றாக ஓடியது. அப்பா படி ஏறுவதை நிறுத்திவிட்டார். எட்டாவது நாள் காலையில் பஸர் கத்தவே இல்லை, தொட்டி வழிந்து படிக்கட்டெல்லாம் தண்ணீர்! மொட்டைமாடியில் யாரோ பிளக் சுவிட்சை அணைத்துவிட்டார்கள். டிரான்ஸ்மிட்டருக்கு கரண்ட் இல்லை. பேச்சு வாங்கியது அப்பா. என்னிடம் அவர் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

தப்பு எங்கள் டிசைனில். பஸர் சும்மா இருந்தால் "தொட்டி இன்னும் நிரம்பவில்லை" என்று ஒரு அர்த்தம், "டிரான்ஸ்மிட்டர் செத்துவிட்டது" என்று இன்னொரு அர்த்தம். இரண்டையும் ஒரே அமைதியாக வைத்திருந்தோம். இப்போது மாற்றிவிட்டோம். டிரான்ஸ்மிட்டர் 30 வினாடிக்கு ஒரு தடவை "நான் இருக்கேன்" என்று ஒரு எண் அனுப்பும். 2 நிமிஷம் அது வரவில்லை என்றால் கீழே மஞ்சள் விளக்கு எரியும். அப்போது மட்டும் யாராவது மேலே போய்ப் பார்க்கணும். கடையில் விற்கும் ரெடிமேட் பிராஜெக்டில் இது இருந்திருக்குமோ என்னவோ, வாங்கியிருந்தால் இது ஏன் வேண்டும் என்று எனக்குத் தெரிந்திருக்காது.

இதை யோசித்தபோதுதான் எனக்கு நம் வகுப்பு ஞாபகம் வந்தது. பாடம் முடிந்ததும் சார், "டவுட் இருக்கா?" என்று கேட்பார். அமைதி. எல்லோருக்கும் புரிந்துவிட்டது என்று அடுத்த பாடத்துக்குப் போவார். நண்பர்களே, அந்த அமைதிக்கு என்ன அர்த்தம்? எனக்கு முதலாம் ஆண்டு முழுக்க "புரிஞ்சிடுச்சு" என்று அர்த்தம் இல்லை. தமிழ் மீடியத்திலிருந்து வந்து ஆங்கிலப் பாடத்தில் எந்த வார்த்தை புரியவில்லை என்றே தெரியாத அமைதி அது. கேட்டால் சிரிப்பார்களோ என்ற அமைதி. வீட்டில் போய்க் கேட்க ஆளில்லாத அமைதி. என்னை மாதிரி முதல் தலைமுறையாக வந்தவர்கள் நம்மிடையே நிறைய இருக்கிறோம். சிக்னல் வராத இடத்தில் எல்லாம் சரி என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. அது ஆசிரியர்களுக்கு நான் பணிவோடு வைக்கும் வேண்டுகோள். நமக்கும் ஒன்று: புரியாவிட்டால் "புரியலை சார்" என்று ஒரு "டர்ர்" சத்தமாவது கொடுப்போம்!

என்ன செய்யலாம்?

வெறுமனே குறை சொல்லிவிட்டுப் போக விரும்பவில்லை. மூன்று யோசனை வைக்கிறேன்.

ஒன்று. நம் ரெக்கார்டு நோட்டில் நோக்கம், தேவையான பொருட்கள், செய்முறை, முடிவு என்று இருக்கிறது. முடிவு எல்லோருக்கும் ஒரே வரி: வெற்றிகரமாகச் சரிபார்க்கப்பட்டது! ஓடாத சர்க்யூட்டுக்கும் அதே வரிதான், பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதியது. "என்ன கோளாறு வந்தது, எங்கே திறந்து பார்த்தேன், எப்படிச் சரிசெய்தேன்" என்று ஒரு பக்கம் சேர்க்கட்டும். வைவாவில் அந்தப் பக்கத்திலிருந்து கேள்வி கேட்கட்டும். ரெடிமேட் பிராஜெக்ட் வாங்கியவனால் அந்தப் பக்கத்தை நிரப்பவே முடியாது.

இரண்டு. லேப்பில் நன்றாக ஓடும் ஒரு டிரான்ஸ்மிட்டர், ஒரு ரிசீவரைப் பெட்டியில் போட்டு வைக்க வேண்டும். நம் ரிசீவரில் சந்தேகமா? நல்ல டிரான்ஸ்மிட்டரோடு வைத்துப் பார். டிரான்ஸ்மிட்டரில் சந்தேகமா? நல்ல ரிசீவரோடு வைத்துப் பார். சந்தேகமான இரண்டை ஒன்றோடு ஒன்று வைத்துப் பார்த்தால் ஆயுசுக்கும் தெரியாது. இதற்கு ஆகும் செலவு ஒரு ஜோடி மாட்யூல். பேரவை நிதியிலிருந்தே வாங்கலாம்.

மூன்று. காசு கொடுத்து பிராஜெக்ட் வாங்குவதை நாமே நிறுத்த வேண்டும். "வேலைக்குப் போனால் இதெல்லாம் யார் கேட்கப் போறா?" என்கிறார்கள். வேலைக்குப் போனால் இதைத்தான் கேட்பார்கள்! ஓடுகிற மிஷினுக்கு டிப்ளமோக்காரன் எதற்கு? நின்று போனால்தானே நம்மைக் கூப்பிடுவார்கள்? அன்றைக்கு "சிக்னல் வரலை சார்" என்று நாமும் கையை விரித்தால், நம் சர்டிபிகேட்டுக்கு என்ன மதிப்பு?

இந்தக் கட்டுரையை எழுதி முடித்து அப்பாவிடம் படித்துக் காட்டினேன். ஏர் ஸ்க்ரூ வந்த இடத்தில், "இதைப் போய் புத்தகத்துல போடுவாங்களா?" என்று கேட்டார். "போடுவாங்கப்பா" என்றேன்.

ஆகவே நண்பர்களே, சிக்னல் வரவில்லையா? சோர்ந்துவிடாதீர்கள். கடைக்கு ஓடாதீர்கள். பாதி வழியில் திறந்து பாருங்கள். தண்ணி பீச்சினாலும் சரி, காத்து வந்தாலும் சரி, அதுவும் ஒரு பதில்தான்!

– மூன்றாம் ஆண்டு, மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை,
விளாங்குடி.